சீர்வரிசைக்கு வந்த சேவல் வண்டி

ஜெயசுதாவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், "வண்டி ஓடலன்னு கல்யாணம் நின்னுபோச்சே, அந்தப் பொண்ணுதான" என்பார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அதே வாய், அதே பொய். வண்டி ஓடியது. ஒழுங்காகவே ஓடியது. அதை ஓட வைத்தவளே அவள்தான். ஊர் வாயை மூட என்னால் முடியாது. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

நான் அவளுடைய சித்தி, விஜயலட்சுமி. கல்யாணமான இரண்டாம் வருஷமே மஞ்சள் காமாலைக்குப் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அக்கா கமலாவின் வீட்டோடு வந்து சேர்ந்தவள். அக்கா புருஷன் ராஜாங்கம். மணலூர்பேட்டைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊரில் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல், ஒரு கிணறு, கிணற்று மேட்டில் ஓர் ஆயில் இன்ஜின், இவ்வளவுதான் அவர் சொத்து. ஜெயசுதா ஒரே பெண். பத்தாவது பாஸ் செய்துவிட்டு வீட்டில் இருந்தாள். கை சும்மா இருக்காது. ரேடியோவைக் கழற்றுவாள், பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கழற்றுவாள், கழற்றியதைத் திரும்பப் பூட்டியும் விடுவாள். இப்போது அறுபதை நெருங்குகிறாள். திருக்கோவிலூரில் தையல் மிஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். முப்பது வயதுக்கு மேல் ஒரு நல்ல மனுஷனைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகத்தான் இருக்கிறாள். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய கதை.

எண்பத்தேழாம் வருஷம் சித்திரையில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். நாலு ஊர் தள்ளியிருந்த சின்னராசு, அவர் பையன் சிவசங்கர். பையன் பி.ஏ. படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தான். அந்தக் காலத்தில் எங்கள் ஜனம் முழுக்க இட ஒதுக்கீடு கேட்டுக் கொதித்துக்கொண்டிருந்தது. கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. படித்த பிள்ளைகள் வயலில் மாடு மேய்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தவள். ஆனால் அந்த நெருப்பில் தன் சோற்றைப் பொங்கிக்கொண்ட ஆட்களும் இருந்தார்கள். சின்னராசு அந்த ரகம். மேடையில் ஏறினால், "நம்ம ஜனம் கோவணத்தோட நிக்குது" என்று குரல் தழுதழுப்பார். இறங்கி வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, கோவணத்தோடு நிற்கிற அதே ஜனத்தில் ஒருத்தரான ராஜாங்கத்திடம் கேட்டார்.

"நகை நட்டு உங்க இஷ்டம் சம்மந்தி. பையனுக்கு மட்டும் ஒரு மோட்டார் சைக்கிள் போட்டுடுங்க. ஊரு ஊரா போயி ஜனத்தத் தெரட்டறவன். நடந்துகினு போனா நல்லாவா இருக்கும்?"

சொல்லிவிட்டு, பஜ்ஜி தின்ற கையைக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அக்கா புடவையில் துடைத்தார். அந்தப் புடவையை நான் இரண்டு முறை துவைத்தும் எனக்கு மனசு ஆறவில்லை.

புது வண்டி வாங்க ராஜாங்கத்துக்கு வக்கு இல்லை. வக்கு இல்லை என்று சொல்லவும் வாய் இல்லை. அவர் சுபாவம் அப்படி. யார் எது கேட்டாலும் "பாக்கறேன்" என்பார், அப்புறம் ராத்தூக்கம் இல்லாமல் புரளுவார். அப்போதுதான் யாரோ அவரிடம், வெள்ளிமலையில் ஒரு கடுக்காய் கான்ட்ராக்டர் ஷெட்டில் ஒரு பழைய சீமை வண்டி கிடக்கிறது, கேட்டால் தருவார் என்று சொல்லியிருக்கிறார்கள். ராஜாங்கம் ஒரு ஜீப்பில் வெல்ல மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனார். வெல்லத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தார். மலைக்குப் போகிற வெல்லம் எந்தச் சாராயப் பானையில் ஊறும் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். அந்த ஒரு விஷயத்திலேயே எனக்கு அந்த வண்டி பிடிக்காமல் போய்விட்டது.

ஜீப்பிலிருந்து இறக்கும்போது நாற்றம் முதலில் இறங்கியது. வருஷக்கணக்காகக் கோழிகள் அதன் மேல் அடைந்திருக்கின்றன. சீட்டிலும் டாங்கிலும் எச்சம் விரற்கடை கனத்துக்குக் காய்ந்து கிடந்தது. முன்விளக்குக்குள் எலி குட்டி போட்ட வைக்கோல். சைலன்சருக்குள் தடியை விட்டுக் குடைந்தால் ஒரு பாம்புச் சட்டை வந்தது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ராஜாங்கம் மட்டும் அதைக் கோயில் தேரைப் பார்க்கிற மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நூத்தி இருவத்தஞ்சு சிசி. சீமையில செஞ்சது. சின்ன இன்ஜின்தான், ஆனா இரும்பு இரும்பா இருக்குது பாரு" என்றார்.

அந்த எச்சத்தை யார் சுரண்டுவது? எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. கரும்புக் கொல்லையில் வேலை செய்யும் சடையனின் பெண்சாதி சின்னப்பொண்ணுதான். காலனியிலிருந்து தினமும் வருவாள். அவள் ஒரு தேய்ந்த கரண்டியை வைத்துக்கொண்டு ஒரு பகல் பூராவும் சுரண்டினாள். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தாள். டாங்கில் பச்சை நிறம் தெரிந்தது. அப்புறம் ஒரு சேவல் படம் தெரிந்தது.

"பாப்பா, இங்க வந்து பாரு. மேல நெசக் கோழி பேண்டுகினு இருந்திருக்குது, அடியில படத்துக் கோழி" என்று சின்னப்பொண்ணு சிரித்தாள். ஜெயசுதாவும் சிரித்தாள். மத்தியானம் சின்னப்பொண்ணுக்குக் கொல்லையில் கவிழ்த்து வைத்திருக்கும் தனித் தட்டில் சோறு போட்டார்கள். எங்கள் வீட்டு வழக்கம் அதுதான். அதையும் நான் மறைக்கவில்லை.

மாட்டுக் கொட்டகையில் இடம் இல்லை என்று வண்டியைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். ஆனி, ஆடி இரண்டு மாதமும் அந்த வீட்டில் நான் சோறு தின்றதே பெரிசு. எங்கு கால் வைத்தாலும் கிரீஸ். ரேஷன் மண்ணெண்ணெய் முழுவதும் சங்கிலி ஊறப் போட்டுத் தீர்ந்தது. ஒருநாள் ரசம் வைக்க ஈயச் சொம்பைத் தேடினேன். அதற்குள் கார்ப்பரேட்டர் மண்ணெண்ணெயில் முங்கிக் கிடந்தது. ஈயச் சொம்பு மண்ணெண்ணெய் வாசனை பிடித்தால் பிடித்ததுதான். அன்றைக்கு நான் அழுதேவிட்டேன்.

முதலில் ராஜாங்கம்தான் வேலையைத் தொடங்கினார். கிணற்று இன்ஜினைத் தானே பிரித்து மேய்கிறவர் என்பதால் எல்லா இன்ஜினும் தனக்கு அத்துப்படி என்ற நினைப்பு. பிஸ்டன் துருவேறி இறுகிக் கிடந்தது. பிளக் ஓட்டை வழியாக விளக்கெண்ணெய் ஊற்றி ஊறப் போட்டுவிட்டுக் கட்டையை வைத்துத் தட்டினார், தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். ஜெயசுதா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு வாரம் பார்த்தாள். பிறகு அவர் வயலுக்குப் போன நேரத்தில் சிலிண்டரை அடுப்புச் சாம்பலில் சூடு காட்டிவிட்டுத் தட்டினாள். பிஸ்டன் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அதிலிருந்து வேலை அவள் கைக்குப் போனது. ராஜாங்கம் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பவர் ஆனார்.

டாங்கின் உள்துருவைப் போக்க அவள் செய்ததைச் சொல்ல வேண்டும். குத்துவிளக்கு தேய்க்கிற பழம்புளியைக் கரைத்து ஊற்றி, பெண்ணையாற்றுக் கூழாங்கல்லை உள்ளே போட்டு, ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் சின்னப்பொண்ணும் பிடித்துக்கொண்டு தூளி ஆட்டுவது போல ஆட்டினார்கள். கல் சத்தத்தில் எனக்குத் தலை வெடித்தது. கொட்டிய தண்ணீர் ரத்தச் சிவப்பாக ஓடியது. மூன்றாம் நாள் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் புதுப் பித்தளை மாதிரி மின்னியது. கிளட்சில் இருந்த கார்க்குத் துண்டுகள் பொடிப் பொடியாகியிருந்தன. ஆஸ்பத்திரி மருந்து பாட்டில்களின் கார்க்கை வீடு வீடாகக் கேட்டு வாங்கிச் சீவி, எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்தினாள். பிஸ்டன் ரிங்கும் செயினும் மட்டும் மெட்ராசிலிருந்து வந்தன. தீப்பொறி போடுகிற பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, சவர பிளேடை நடுவில் விட்டு இடைவெளி வைத்தாள். அவள் நகத்திலிருந்த கருப்பு கடைசிவரை போகவில்லை. கையில் சோற்றைப் பிசையும்போது பார்த்தால் எனக்குக் குமட்டும். அவள் முகத்தைப் பார்த்தால் மட்டும் ஒன்றும் சொல்லத் தோன்றாது. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆடிக் கடைசியில் வண்டி கிளம்பியது. கிளம்பி, தெரு முனை தாண்டி, கீச்சென்று இறுகி நின்றது. கூத்து என்னவென்றால், கிணற்று இன்ஜினுக்கு ஆயில் அடியில் தனியாக ஊற்றுவார்கள். அதே பழக்கத்தில் ராஜாங்கம் ஆயிலைக் கியர் பெட்டியில் ஊற்றிவிட்டு, டாங்கில் வெறும் பெட்ரோலை ஊற்றிவிட்டார். இந்த மாதிரி வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் வறண்டு பிடித்துக்கொள்ளும் என்று திருக்கோவிலூரிலிருந்து வந்த ஒரு மெக்கானிக் சொல்லிவிட்டுப் போனார். ஜெயசுதா மறுபடி பிரித்து, மறுபடி பூட்டினாள். அதிலிருந்து பெட்ரோலை அவளே ஆழாக்கால் அளந்து ஆயில் கலந்து வைத்தாள். வேறு யாரையும் தொட விடவில்லை.

ராஜாங்கத்துக்கு வண்டியில் பேலன்ஸ் வரவில்லை. ஓட்டிப் பார்த்தது ஜெயசுதாதான். உச்சி வெயிலில் களத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வட்டமடிப்பாள். கரும்புக்குக் களை வெட்டும் பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "பாப்பா வண்டி வருது" என்பார்கள். ஒருநாள் அவளிடம் கேட்டேன், இவ்வளவு பாடுபட்டு எவனுக்கோ கொடுக்கப் போகிறாயே, வயிறு எரியவில்லையா என்று.

"எவனுக்கோவா? நானும்தான சித்தி கூடப் போறேன். அங்கயும் நான்தான பாத்துக்கப் போறேன்" என்றாள்.

அவளுக்கு அந்தக் கல்யாணத்தில் இருந்த ஒரே பிடிப்பு அதுதான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

ஆவணியில் சின்னராசு கூட்டத்தோடு வந்தார். இந்தத் தடவை வண்டி பார்க்க. சிரிக்காதீர்கள், எங்கள் பக்கம் அப்போது அப்படியும் ஒரு வழக்கம் முளைத்திருந்தது. தாம்பூலத் தட்டு, பூ, பழம் எல்லாம் வைத்துக்கொண்டு வண்டி பார்க்க வருவார்கள். பெண்ணைப் பார்த்தபோது தலையை நிமிர்த்தச் சொல்லி ஒரு பார்வை. வண்டியைக் குனிந்தும் படுத்தும் பார்த்தார்கள். டயரைக் கிள்ளினார்கள், ஹாரனை அடித்தார்கள். சீமை வண்டி என்பதில் சின்னராசுக்குப் பெருமை பிடிபடவில்லை. சிவசங்கர் ஏறி ஒரு சுற்று போய் வந்தான். ஜெயசுதா காபித் தட்டோடு நின்றவள், யாரும் கேட்காமலே சொன்னாள்.

"பெட்ரோல்ல ஆயில் கலந்துதான் ஊத்தணும். வெறும் பெட்ரோல் ஊத்தினா இன்ஜின் பிடிச்சிக்கும்."

கூட்டம் சிரித்தது. சிவசங்கர், "எங்க வூட்லயும் கெணத்துல இன்ஜின் ஓடுது. ஆயில எங்க ஊத்தணும்னு எனக்குத் தெரியாதா?" என்றான். சின்னராசு பல்லைக் குத்திக்கொண்டே, "மொதல்ல கொழம்புல எண்ண ஊத்தக் கத்துக்கச் சொல்லுங்க சம்மந்தி" என்றார். ராஜாங்கமும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதுதான் எனக்கு ஆத்திரம். ஐப்பசியில் கல்யாணம், அன்றைக்கே வண்டி என்று தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

புரட்டாசி பிறந்ததும் சாலை மறியல் தொடங்கியது. ரோட்டோரப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, பால்காரன் இல்லை. எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்து கொண்டிருந்தது. யாருடைய பிள்ளையோ செத்துப்போனதாகக் கேட்கும்போதெல்லாம் அக்கா அழுவாள், நானும் அழுவேன். அந்த நாட்களில் ஒரு காலையில் சிவசங்கர் நடந்தே வந்து சேர்ந்தான்.

"மாமா, வண்டி குடுங்க. மரத்துக்கு ஓரமா பூந்து போறதுக்கு இதுமாதிரி சின்ன வண்டிதான் தோது. கல்யாணத்துக்கு அப்பறம் எங்கிட்டதான வரப்போவுது."

ராஜாங்கம் "பாக்கறேன்" என்றுகூடச் சொல்லவில்லை. சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஜெயசுதா கலந்து வைத்திருந்த பெட்ரோலை டாங்க் நிறைய ஊற்றினாள். ஒரு சின்ன டின்னில் ஆயிலை நிரப்பி, மூடியை இறுக்கி, கைப்பிடியில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டாள்.

"இது தீந்தா, புதுசா ஊத்தற பெட்ரோல்ல இதக் கலந்துக்குங்க" என்றாள். அவன் தலையாட்டினான். அவள் முகத்தைப் பார்த்து அவன் ஆட்டிய தலை அது ஒன்றுதான்.

இரண்டாம் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் காலனிப் பக்கம் புகை எழும்பியது. முதலில் யாரோ கரும்புச் சோகையைக் கொளுத்துகிறார்கள் என்று நினைத்தோம். பிறகு கூச்சல் கேட்டது. எங்கள் தெருவில் கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள். ராஜாங்கமும் சாத்தினார். என்ன காரணம் என்று மறுநாள்தான் தெரிந்தது. ரோட்டில் வெட்டிப் போட்டிருந்த மரத்திலிருந்து காலனிப் பெண்கள் விறகுக்குக் கிளை ஒடித்தார்களாம். போராட்டத்துக்கு வெட்டிய மரத்தை அவர்கள் எப்படித் தொடலாம் என்று வெளியூர் ஆட்கள் வந்து கூரைகளுக்கு நெருப்பு வைத்துவிட்டார்கள். சுள்ளி ஒடித்ததற்கு வீடு. எழுதும்போதுகூட எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது.

அந்த மறுநாள் மத்தியானமே ஒரு மாட்டு வண்டியில் மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தது. கொண்டுவந்தவன் சின்னராசு வீட்டு ஆள். "நடு ரோட்டுல நின்னுபோச்சாம். கல்யாணத்துக்குள்ள சரி பண்ணி வைக்கச் சொன்னாரு" என்று சொல்லி இறக்கிவிட்டுப் போனான்.

ஜெயசுதா வண்டியைப் பார்த்தபடி நின்றாள். கைப்பிடியில் அவள் கட்டிய டின் அப்படியே தொங்கியது, மூடி திறக்கவில்லை. டாங்கிலிருந்து கார்ப்பரேட்டருக்குப் போகும் பெட்ரோல் டியூபைப் பிடுங்கிவிட்டுத் திரும்பச் சணலால் சுற்றியிருந்தது. அவள் சாக்கை விரித்து உட்கார்ந்து இன்ஜினைப் பிரித்தாள். பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கிடந்தது. வெறும் பெட்ரோலில் ஓட்டியிருக்கிறான்.

"நான் கலந்து ஊத்துனது நாலு ஊரு சுத்துனாலும் தீராது. அது எங்கப்பா போச்சி?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் நமக்கு எதுக்குடி? சரி பண்ற வழியப் பாரு" என்றார் ராஜாங்கம். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று நாளாகச் சின்னப்பொண்ணு வேலைக்கு வரவில்லை. நாலாம் நாள் ஜெயசுதா காலனிக்குக் கிளம்பினாள். எங்கள் வீட்டுப் பெண்கள் காலனிக்குள் போகிற வழக்கம் இல்லை. தடுத்தால் நிற்கமாட்டாள் என்று நானும் கூடப் போனேன். நான் வேப்ப மரத்தடியில் நின்றுவிட்டேன், அவள் மட்டும் உள்ளே போனாள். கூரை இல்லாத மண்சுவர்கள் வரிசையாக நின்றன. கருகிய கேழ்வரகு வாசனையும், கட்டுத்தறியோடு வெந்துபோன ஆடுகளின் வாசனையும் சேர்ந்து வந்தது. சின்னப்பொண்ணு ஒரு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை முழங்கைவரை நீலமாக இருந்தது. தீப்புண்ணுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையின் இங்க்கை ஊற்றியிருந்தார்கள். அவள் ஏதோ சொன்னாள். ஜெயசுதா கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு நாலடி தள்ளிப் போய்க் குனிந்து வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு அவள் செய்தது இதுதான். பிரித்த ஒவ்வொரு சாமானையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துச் சாக்கில் பரப்பினாள். பூட்டவில்லை. பூட்டு என்று ராஜாங்கம் கெஞ்சினார், கத்தினார், ஒருநாள் கன்னத்தில் அறையவும் அறைந்தார். "நான் பூட்ட மாட்டேன்" என்பதைத் தவிர அவள் வேறு பேசவில்லை. கடைசியில் அவரே உட்கார்ந்து பூட்டினார். பூட்டி முடித்தபோது கை நிறைய சாமான் மிச்சம் இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு அந்த மனுஷன் விழித்த விழியைப் பார்த்தால் ஒருபக்கம் சிரிப்பாகவும் ஒருபக்கம் அருவருப்பாகவும் இருந்தது. பூட்டியதை அவரே மறுபடி பிரித்துச் சாக்கில் போட்டார்.

ஐப்பசி முகூர்த்தத்துக்கு முன்னால், பேச்சை உறுதி பண்ண, தட்டோடு சின்னராசு வந்தார். சிவசங்கரும் இரண்டு பெரியவர்களும் கூட வந்தார்கள். சாக்கில் கிடந்த சாமான்களைப் பார்த்ததும் சின்னராசு முகம் சுருங்கியது.

"இன்னா சம்மந்தி, இன்னும் இப்படியே கெடக்குது?"

"கொஞ்சம் வேல பாக்கி" என்றார் ராஜாங்கம்.

"பழசு நமக்கு ஒத்து வரல. உட்டுத் தள்ளுங்க. புதுசே ஒண்ணு போட்டுடுங்க. கெணத்து மேட்டுக் கரும்பு நெலம் இருக்குதில்ல, அத வச்சிப் பொரட்டலாமே."

ராஜாங்கம் வழக்கம்போல "பாக்கறேன்" என்று வாயெடுத்தார். அதற்குள் ஜெயசுதா சமையலறையிலிருந்து வந்து கூடத்தின் நடுவில் நின்றாள். காபித் தட்டு இல்லை. சிவசங்கரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அன்னிக்கி எல்லாரும் ஓடனப்ப சின்னப்பொண்ணு ஓடலயாம். வண்டி சத்தம் கேட்டுச்சாம். நம்ம பாப்பா வண்டிதான வருது, நம்ம வூட்டு ஆளுங்க காப்பாத்த வராங்கன்னு தெருவுல வந்து நின்னுகினு கையக் காட்டியிருக்கா. நீங்க எறங்கி, அவ கண்ணு முன்னாடியே டியூபப் புடுங்கி, பாட்டில்ல பெட்ரோல் புடிச்சீங்களாம். அந்த டாங்க அவளும் நானும் சேந்து கழுவுனது."

சிவசங்கர் கால் கட்டைவிரலால் தரையைக் கீறினான். அவன் முகத்தில் வெட்கம் தெரிகிறதா என்று நான் உற்றுப் பார்த்தேன். மாட்டிக்கொண்ட எரிச்சல்தான் தெரிந்தது. சின்னராசு மட்டும் அசரவில்லை. வெற்றிலையை ஒரு பக்கக் கன்னத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஒதுக்கினார்.

"அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்மா, நீ உள்ள போ" என்று சொல்லிவிட்டு ராஜாங்கத்தின் பக்கம் திரும்பினார். "அது கெடக்கட்டும். வண்டிக்கு இன்னா சொல்றீங்க சம்மந்தி?"

ராஜாங்கம் மகளைப் பார்த்தார். இத்தனை நாளாகப் பார்க்காத முகத்தை அப்போதுதான் பார்த்தார். அவர் அறைந்த கன்னம் இன்னும் லேசாகத் தடித்திருந்தது. பிறகு தாம்பூலத் தட்டை இரண்டு கையாலும் தூக்கிச் சின்னராசு முன்னால் தள்ளி வைத்தார்.

"எடுத்துகினு போங்க" என்றார். அந்த மனுஷன் வாழ்நாளில் ஒருத்தருக்கு இல்லை என்று சொன்ன இடம் அது ஒன்றுதான்.

அவர்கள் போகும்போது தெருவெல்லாம் கேட்கும்படி, "ஓட்ட வண்டியக் காட்டி ஏமாத்தப் பாத்தானுங்க" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அந்தப் பேச்சுதான் இன்றுவரை ஊரில் நிற்கிறது. காலனி எரிந்ததை யாரும் சொல்வதில்லை. வண்டியும் சாக்கில் இருந்த சாமான்களும் அன்றைக்கே பழைய இரும்புக்காரனுக்குப் போயின. அக்கா ஒரு வாரம் படுத்துக்கிடந்தாள். எனக்கு மட்டும் தாங்காத சந்தோஷம். என் பெண் ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஜெயசுதாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். மறுநாள் காலை, "சின்னப்பொண்ணுகிட்ட சொல்லிட்டு வரேன்" என்று கிளம்பினாள். இந்தத் தடவை நானும் வேப்ப மரத்தடியில் நிற்காமல் உள்ளே போனேன். மழைக்கு முன்னால் கூரை போட்டாக வேண்டும் என்று காலனியில் எல்லோரும் அவசரமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். சடையன் சுவர் மேல் உட்கார்ந்திருந்தான். சின்னப்பொண்ணு நல்ல கையால் ஒரு மாட்டு வண்டியிலிருந்து கீற்றுகளை இழுத்துவந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

"சின்னப்பொண்ணு, கல்யாணத்த நிறுத்திட்டேன். அவன வேணாம்னுட்டேன். வண்டியும் இல்ல, எடைக்குப் போட்டாச்சி" என்றாள் ஜெயசுதா. மூச்சு வாங்கியது அவளுக்கு, ஓடி வந்தவள் போல.

சின்னப்பொண்ணு கீற்றைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"நல்லது பாப்பா. ஒனக்கு வேற மாப்ள வருவான்" என்றாள். பிறகு புண் படாத கையால் எங்கள் இருவரையும் ஒதுக்கிவிட்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சின்னம்மா, வண்டியிலேருந்து கீத்து எறக்கணும்" என்றாள்.

ஜெயசுதா தள்ளி நின்றாள். கீற்று இறக்கி முடிகிறவரை நின்றாள்.